வெள்ளைக்காரர் பூசிய சுவர்

எஸ்டேட் பங்களாவில் இன்னும் ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார், வீட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் அவரைக் கேளுங்கள் என்று பஸ் நிறுத்தத்து டீக்கடையில் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். என் துருப்பிடித்த ஆங்கிலத்தில் என்னென்ன கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடியே மேடு ஏறினேன். பங்களாவின் முன்சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியின் உச்சியில், தலைக்குத் துண்டு கட்டிய ஒரு நல்ல கறுப்பு மனிதர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வெள்ளைக்காரர்னு ஒருத்தர்..." என்று இழுத்தேன்.

"பார்த்துட்டீங்க," என்றார் அவர், கையிலிருந்த நார் மட்டையை நிறுத்தாமல். "வெள்ளை அடிக்கிறவன் வெள்ளைக்காரன். வேற எந்த வெள்ளைக்காரனும் இப்போ இங்க இல்ல."

ஒத்திகை பார்த்த ஆங்கிலம் அத்தனையும் வீணாய்ப் போனது.

என் வேலை பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுவது. இடிக்கப் போகிறவர்களும் என்னைக் கூப்பிடுவார்கள், புதுப்பிக்கப் போகிறவர்களும் கூப்பிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்பது என் அனுபவம். மனிதர்களிடம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், வீடுகளிடம் வராது. ஆனால் ஒரு வீடு எதையோ மறைக்கிறது என்று பட்டுவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிற புத்திக்கு நாகரிகமாக ஒரு தொழில் பெயர் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பங்களாவையும் அதைச் சுற்றியிருந்த கொஞ்சம் தோட்டத்தையும் வாங்கியிருந்தவர் ஒரு ஓட்டல்காரர். விருந்தினர் விடுதியாக மாற்றப் போகிறார். வெள்ளைக்காரர்தான் எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். சுண்ணாம்புப் புகை பட்டுப் பட்டு அவருக்கு ஒரு கண்ணில் இமைமயிரே இல்லை. கதவுக்குள் நுழையும்போதெல்லாம் பானை வாங்குகிறவர் போலச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். சத்தம் பிடித்திருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவார்.

முன்னால் இருக்கும் அறைகள்தான் பழையவை. கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர். ஜன்னல் திட்டில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு தடிமன். அறைகளுக்கு மேலே தாழ்வான ஒரு பரண், வீடு முழுக்க நீண்டு கிடந்தது. கணப்பு அடுப்புகளின் புகைபோக்கிகள் அதன் நடுவே ஏறிப் போயின. இவ்வளவு பெரிய பரண் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"காபிக்கு," என்றார் வெள்ளைக்காரர். "மழை பிடிச்சிட்டா களத்துல காய வைக்க முடியாதில்ல? மூட்டையைத் தூக்கி மேல பரப்பிடுவாங்களாம். கீழ துரை குளிர் காய்வாரு, மேல காபி குளிர் காயும்."

அப்புறம் இலையில் நோய் விழுந்து காபி மொத்தமாகப் போயிருக்கிறது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலையோடு பகட்டும் வந்தது. சுற்றிலும் வராந்தா, அதற்கு மரச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடி, படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் ஒட்டினாற்போல் ஒரு குளியலறை. சமையலறை மட்டும் தீக்குப் பயந்து தனியாகத் தள்ளி நின்றது. அங்கிருந்து சாப்பாட்டு அறைக்குக் கூரை போட்ட நீண்ட நடை. "இந்த வீட்ல இதுவரைக்கும் ஒருத்தரும் சூடா சாப்பிட்டதில்ல," என்றார் வெள்ளைக்காரர், ஏதோ அவரே பரிமாறியது போல. பின்பக்கம் சரிவு. சரிவில் காபி காயப்போட்ட களம், மாட்டுக் கொட்டகை, சக்கரம் போய்த் தொட்டி மட்டும் மிஞ்சியிருந்த தண்ணீர் ஆலை.

வீட்டின் பின் மூலையில், சரிவு இறங்கும் இடத்தில், கீழே சாமான் கிடங்கும் மேலே ஓர் அறையும் இருந்தன. அந்த அறையின் வாசல் வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"நீங்க போய்ப் பாருங்க மேடம். நான் இங்கேயே நிக்கிறேன்."

"இதுக்கு என்ன பேரு?"

அவர் களத்தைப் பார்த்துக்கொண்டு, "பள்ளியறைன்னு சொல்லுவாங்க," என்றார்.

அழகான சொல் என்று நினைத்துக்கொண்டேன். ராஜா ராணி கதைகளில் வரும் சொல். துரையின் படுக்கையறைக்கு இந்த மலையில் யாரோ இலக்கியமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் 'பள்ளியறை' என்றும், கீழே சின்னதாக 'முதன்மைப் படுக்கையறை' என்றும் குறித்தேன். உள்ளே பெரிய இரும்புக் கட்டில் ஒன்று வேறு கிடந்தது.

ஆனால் அளக்க ஆரம்பித்ததும் எனக்குச் சோறு இறங்காத நிலை வந்துவிட்டது. எல்லாப் படுக்கையறைக்கும் குளியலறை இருக்க, துரையின் அறைக்கு மட்டும் ஏன் இல்லை? கிழக்குச் சுவர் ஓரத்தில் ஒன்றைத் தவிர ஜன்னல்கள் எல்லாம் ஏன் ஒரே பக்கச் சுவரில், ஆள் கழுத்து உயரத்தில் இருக்கின்றன? வெளிச்சம் கொட்டுகிறது, ஆனால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. மலையை விலைக்கு வாங்கியவன் மலை தெரியாத அறையிலா படுப்பான்? வாசல் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆணி பிடுங்கிய குழிகள், என் இடுப்பு உயரத்தில். இடுப்பு உயரத்தில் யார் சட்டை மாட்டுவார்கள்? சமையல்கட்டு முற்றத்திலிருந்து இந்த அறைக்கு வெளிப்புறமாக ஒரு கல் படிக்கட்டு ஏறியது. அதில் ஏறும்போது கால் பிசகி முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். படிகள் அவ்வளவு தாழ்வு. இல்லாத உயரத்தைத் தேடிப் போய்க் கால் தடுமாறியது.

கிழக்குச் சுவர் இன்னும் விசித்திரம். தட்டினால் கெட்டிச் சத்தம் வரவில்லை, பொத்பொத்தென்றது. கதவோரத்தில் சுண்ணாம்பு ஒரு விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. வேறு எந்த அறையிலும் அப்படி இல்லை.

"இந்த ரூமுக்கு மட்டும் ஏன் ஐயா இவ்வளவு சுண்ணாம்பு?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"அழுக்கு சேர்ற ரூம்," என்றார். "அதுவும் அந்தக் கிழக்குச் சுவர் இருக்கே, எங்க சித்தப்பா காலத்துலயே அதுக்கு மேல ஒரு பூச்சு பூசியாச்சு. அது நிக்கலை, பொருமுது, வெடிக்குது. நான் அடைச்சு அடைச்சு அடிச்சுக்கிட்டே இருக்கேன். சில சுவர் வெள்ளையை ஏத்துக்காது."

மறுநாள் ஓட்டல்காரர் வந்தார். உற்சாகமான மனிதர், கெட்டவர் இல்லை. தேக்குப் பலகையில் செதுக்கிய ஒரு போர்டைக் காரிலிருந்து இறக்கிக் காட்டினார். 'பள்ளியறை.' புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இந்த அறைதான், வாடகை மற்றதைவிடக் கூட.

"ஊர்ல விசாரிச்சேன் மேடம். கதை சும்மா அள்ளுது. துரையைப் பார்க்க ரகசியமா வர்ற பொண்ணுங்களுக்குன்னே அந்தத் தனிப் படிக்கட்டாம். கால் சத்தம் கேட்காம இருக்கத்தான் படி தாழ்வாம். நீங்க அழகா அரைப் பக்கம் எழுதிக் கொடுங்க, கண்ணாடி போட்டு மாட்டிடலாம். நம்ம வெள்ளைக்காரர் வாசல்ல நின்னு வர்றவங்களுக்குச் சொல்லட்டும். அவர் பேருக்கும் பொருத்தமா இருக்கும்."

வெள்ளைக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துப் பக்கம் போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தபோது வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், ஒரு உதவி. அந்தப் பின் அறைக்கு உங்க படத்துல வேற பேர் போட முடியுமா?"

"என்ன பேர் போடணும்?"

"சாமான் அறைன்னு போடுங்க. எலி அறைன்னு போடுங்க. உங்க இஷ்டம். படத்துல என்ன இருக்கோ அதைத்தான் மாட்டணும்னு நீங்க சொன்னா முதலாளி கேட்பாரு."

ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது. அவர் மேஜை விளிம்பில் காய்ந்திருந்த சுண்ணாம்புச் சொட்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

காபி போனபோது பழைய ஆட்கள் பிழைப்புத் தேடி ஒவ்வொரு குடும்பமாக வெளியேறிவிட்டார்கள். மிஞ்சியவர்களில் அவர் அம்மா வீடும் ஒன்று. தேயிலைக்குப் புது ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு நாடகப் பைத்தியமான ஒரு கணக்குப்பிள்ளையும் வந்தான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். பெண்கள் ஒருவருக்கும் எழுத்து வராத இடத்தில் உனக்கு மட்டும் எப்படி வந்தது என்று அவன் கேட்டிருக்கிறான். அம்மா, பங்களாவின் பள்ளியறையில் வந்தது என்று சொல்லியிருக்கிறார். கணக்குப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தானாம். நாடகத்தில் ராஜா பள்ளியறைக்குப் போனால் எதற்குப் போகிறான் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னானாம்.

"அப்புறம் என்ன? பசங்க என்னை 'இளவரசே'ன்னு கும்பிடு போடுவாங்க. கொஞ்சம் வளர்ந்ததும் வெள்ளைக்காரன் மகன்னு மாத்திக்கிட்டாங்க. நான் பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தத் துரை மூட்டை கட்டிட்டுப் போயாச்சு. எங்கப்பா யாருன்னு எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது மேடம். ஆனா வம்பு பேசறவனுக்குக் கணக்கு வராது."

"அம்மாகிட்ட நீங்க கேட்கவே இல்லையா?"

"கேட்டேன். ஒருத்தனை அடிச்சு, அவன்கிட்ட அடிவாங்கி, வாயில ரத்தத்தோட போய்க் கேட்டேன். மீசை அரும்பற வயசு. நீ பள்ளியறைக்குப் போனியான்னு. இல்லைன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். முகமெல்லாம் சிரிப்பா, 'போனேன்டா, என் வாழ்க்கையிலேயே நல்ல நாளுன்னா அதுதான்'னு சொன்னாங்க. அதுக்கு மேல நான் நின்னு கேட்கலை."

அன்றோடு அம்மாவிடம் பேச்சு நின்றுபோனது. சித்தப்பாவுடன் சுண்ணாம்பு வேலைக்குப் போனார். வேறு வேலையும் கிடைத்திருக்கும்.

"எப்படியும் வெள்ளைக்காரன்னுதான் கூப்பிடப் போறாங்க. வெள்ளை அடிச்சா அந்தப் பேருக்குக் காரணமாவது சுத்தமா இருக்கட்டுமேன்னு வந்தேன்," என்றார். "பேருக்குக் காரணம் மாறிடுச்சு. சின்னப் பசங்களுக்குப் பழைய கதை தெரியாது. இப்போ இவரு அதையே பலகையில செதுக்கிக்கிட்டு வந்து நிக்கிறாரு. நானே வாசல்ல நின்னு சொல்லணுமாம்."

ஏணியடியில் அந்தப் பெயரை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆர்வமும் தாங்கவில்லை. அந்தத் தாழ்வான படியும் இடுப்பு உயர ஆணிக் குழியும் அவர் சொன்ன கதையில் எங்கேயும் உட்காரவில்லை. திருட்டுத்தனமாக வருகிறவளுக்கு எவன் மெனக்கெட்டுக் கல்லில் படி செதுக்குவான், அதுவும் சமையல்கட்டு மொத்தமும் பார்க்கிற முற்றத்தில்?

சாயங்காலம் அவர் வேலையில் இருக்கும்போதே அவர் வீட்டுக்குப் போனேன். களத்துக்குக் கீழே வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. வெளியிலிருந்து பார்த்தால் ஊரிலேயே வெள்ளையான வீடு அதுதான். அவர் மனைவி, பேச்சில் மிளகாய் அரைக்கிற பெண்மணி, முறத்தோடு வாசலில் இருந்தார். மாமியாரைப் பார்க்க வந்தேன் என்றதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"நேரா பேசப் போறீங்களா, என் மூலமாவா? இந்த வீட்ல நான்தான் போஸ்ட் ஆபீஸ். 'மருந்து தீர்ந்துடுச்சான்னு கேளு'ம்பாரு, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு அடி தூரம் இருக்கும். இவங்க, 'நாளைக்கு வரும்னு சொல்லு'ம்பாங்க. கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து ஸ்டாம்பு ஒட்டாம கொண்டு போய்க் கொடுத்துக்கிட்டு இருக்கேன். செருப்பு வாங்கித் தருவாரு, கண்ணாடி வாங்கித் தருவாரு, மழைன்னா குடையோட போய் நிப்பாரு. அம்மான்னு ஒரு வார்த்தை வராது."

உள்ளே, ஜன்னலோரம் நாற்காலியில் மெலிந்த ஒரு அம்மாள் மளிகைப் பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். பங்களாவை அளக்க வந்திருக்கிறேன் என்றேன்.

"அம்மா, பின்னாடி மூலையில ஒரு அறை இருக்கே..."

"பள்ளியறையா?" தாளைக் கீழே வைத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. மகன் சொன்னது போலவேதான். "இன்னும் இருக்கா அது? அங்கதானே நான் படிச்சேன்."

"படிச்சீங்களா?"

"பின்ன? துரையோட அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. களத்துப் பசங்க சும்மா திரியுதுன்னு அவங்கதான் அந்த அறையைக் காலி பண்ணிக் கொடுத்தாங்க. காபிப் பெட்டிக்கெல்லாம் பேர் எழுதுவாரே ஒருத்தர், அவர்தான் எங்களுக்கு வாத்தியார். காலையில பெட்டிக்கு எழுதுவார், மத்தியானம் எங்களுக்கு. அப்போ எனக்குப் பல்லு விழுந்து முளைச்சுக்கிட்டிருந்த வயசு. பெரிய படி ஏற முடியலைன்னு சின்னப் படியா கட்டிக் கொடுத்தாங்க."

பல் விழுகிற வயது. எனக்கு ராஜாவும் ராணியும் நினைவுக்கு வந்த அதே சொல்லில் இந்த அம்மாளுக்குச் சிலேட்டுப் பலகைதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

"ஏன்மா, பள்ளிக்கூடம்னு சொல்ல மாட்டீங்களா?"

"கூடம் எங்க இருந்துச்சு? அறைதானே இருந்துச்சு," என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல. "பள்ளி நடந்த அறை, பள்ளியறை. வாத்தியார் வெச்ச பேரு."

மருமகளும் முறத்தை விட்டுவிட்டு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகன் ஏன் பேசுவதில்லை என்று மெல்லக் கேட்டேன். அம்மாளின் சிரிப்பு அடங்கியது.

"அவன் கோபம் நியாயம்தான். நான் படிச்சேன். அவனுக்கு வயசு வர்றதுக்குள்ள பள்ளியறையை மூடிட்டாங்க. நானாவது பக்கத்துல உட்கார வெச்சு நாலு எழுத்து சொல்லிக் கொடுத்திருக்கணும். களத்து வேலை, மாட்டு வேலைன்னு விட்டுட்டேன். ஒருநாள் அடிபட்டு வந்து, நீ மட்டும் பள்ளியறைக்குப் போனியான்னு கேட்டான். நான் கூறுகெட்டுப் போய் அதைச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அன்னிக்குப் பேச்சை விட்டவன்தான். பிள்ளையைத் தற்குறியா வளர்த்த பாவம், அனுபவிக்க வேண்டியதுதான்."

ஒரே சொல். அம்மா ஒரு முனையையும் மகன் மறு முனையையும் பிடித்துக்கொண்டு, ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்குப்பிள்ளையைத் தேடிப்போய் நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. ஆள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியிருக்கும்.

கிளம்பும்போது, அந்த அறை அப்போது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கிழக்குச் சுவர் மொத்தமும் கறுப்பு. விளக்குக் கரியும் எண்ணெயும் குழைச்சு வாத்தியாரே பூசினது. மேல வரிசையா அ, ஆ, இ, ஈ. பெட்டிக்கு எழுத்து வெட்டின தகட்டை வெச்சு எழுதுற மாதிரியே அங்கங்க விட்டு விட்டு இருக்கும். அவருக்கு அளவு தெரியாது. ஓ எழுதறதுக்குள்ள சுவர் முடிஞ்சு ஓரத்து ஜன்னல் வந்துடுச்சு. ஔ-க்கு இடமே இல்ல. ஜன்னலுக்குக் கீழ இறக்கி எழுதிட்டார். எனக்கு இன்னிக்கும் ஔ-ன்னா ஜன்னல்தான் ஞாபகம்."

மறுநாள் காலையில் வெள்ளைக்காரரைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. அவர் தொட்டியில் சுண்ணாம்புக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அது கொதித்துப் பொரிந்து அடங்குகிறவரை அதையே கிளறிக்கொண்டிருந்தார்.

"அவங்க சொல்லுவாங்க மேடம். வேற என்ன சொல்லுவாங்க? இத்தனை வருஷம் கழிச்சு ஒரு கதை கட்டத் தெரியாதா?"

"கிழக்குச் சுவர் கறுப்பாம்."

"நான் அந்த ரூம்ல கறுப்பைப் பார்த்ததே இல்ல."

"உங்க சித்தப்பா பூசின பூச்சுக்கு அடியில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? எண்ணெய் கலந்த கறுப்பு மேல காரை பூசினா நிக்குமா?"

அந்தக் கேள்வி அவரை எங்கேயோ குத்தியது. வெள்ளை அடிக்கிறவருக்கு அதற்குப் பதில் தெரியும். காரை பூசும் கரண்டியைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"ஜன்னலுக்குக் கீழ ஒரு எழுத்துன்னு சொன்னீங்களே. அது இருந்தா நம்பறேன். அது எப்படி இருக்கும்? எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். என் பேர்ல அது வராது."

வரைபடத்தின் ஓரத்தில் பெரிதாக ஔ போட்டுக் காட்டினேன். அவர் அதை விரலால் காற்றில் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொண்டார். பிறகு, முந்தாநாள் என்னோடு வந்தபோது அந்த வாசலிலேயே நின்றுவிட்ட மனிதர், எனக்கு முன்னால் விறுவிறுவென்று உள்ளே போனார்.

சுவரை முதலில் ஈரத்துணியால் நனைத்தார். கரண்டி முனையைப் பழைய வெடிப்பில் கொடுத்து நெம்பினார். அவருடைய வெள்ளை ஏடு ஏடாக உரிந்து விழுந்தது. சுண்ணாம்பில் கலந்த நீலம் கூடிய வருஷம், நீலம் குறைந்த வருஷம், எல்லாம் பக்கவாட்டில் கோடு கோடாகத் தெரிந்தன. அதற்கும் கீழே சித்தப்பாவின் காரை, தட்டு போலப் பெயர்ந்து வந்தது. பின்னால் கறுப்பு. சுத்தமான, மினுமினுப்பான கறுப்பு.

அவர் கை நின்றது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, உள்ளங்கையால் தேய்க்க ஆரம்பித்தார். முதலில் ஒரு வெள்ளைச் சுழி. சற்றுத் தள்ளி இன்னொரு வளைவு. நடுவில், பெட்டி எழுத்துக்காரர் தகடு வைத்து எழுதிய இடைவெளி. வரைபடத்தை வாங்கி எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என் ஔ-வைவிட அது அழகாக இருந்தது.

"மேடம், இதுதானே?"

"இதுதான்."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சுண்ணாம்புக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் உண்மையாகவே வெள்ளைக்காரராகிவிட்டார். சிரிப்பும் வந்தது எனக்கு, அழுகையும் வந்தது. அவர் மட்டும் எழுந்து, மறுபடி கரண்டியை எடுத்து, ஓ, ஒ, ஐ என்று பின்பக்கமாகவே சுவரைத் திறந்துகொண்டு போனார்.

பாதிச் சுவர் கறுத்திருந்தபோது ஓட்டல்காரர் வந்து தலையில் கை வைத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ கட்டில்?"

"வேற அறையில போட்டுக்குங்க."

"போர்டு?" என்று கேட்டவர் தானே யோசித்துப் பார்த்து முகம் மலர்ந்தார். "போர்டை மாத்த வேண்டாமில்ல? பள்ளியறைதானே இது."

வெள்ளைக்காரர் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தார். "மாட்டுங்க முதலாளி," என்றார். "வாசல்ல நின்னு நானே சொல்றேன்."

அந்த நேரத்தில் முற்றத்தில் பேச்சுக் குரல் கேட்டது. மருமகள் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்திருந்தார். நான் யாரையும் அனுப்பிக் கூப்பிடவில்லை. போஸ்ட் ஆபீஸ் தானாகவே இந்த முறை ஆளையே கொண்டு வந்து சேர்த்துவிட்டது. அம்மாள் படிக்கட்டை ஒருமுறை பார்த்தார். மருமகளின் கையை விட்டார். நான் முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அந்தத் தாழ்வான படிகளில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஏறி வந்தார். "இந்த ஊர்ல என் முட்டிக்கு ஒத்துக்கற படி இது ஒண்ணுதான்," என்றார்.

உள்ளே வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சுவருக்குப் போனார். ஜன்னலுக்குக் கீழே குனிந்து ஔ-வைத் தொட்டார். அங்கிருந்து மேலே, அவர் மகன் திறந்து வைத்திருந்த வரைக்கும், விரலை ஓட்டிக்கொண்டு போனார். உதடு அசைந்தது. கறுப்பு முடிந்து வெள்ளை தொடங்குகிற இடத்தில் விரல் முட்டி நின்றது. அங்கே விரல் கனத்துக்கு ஏறியிருந்த சுண்ணாம்பைத் தடவிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்தப் பாவி இது மேல இவ்வளவு சுண்ணாம்பு அடிச்சான்?"

வழக்கம்போலப் பதிலை எடுத்துச் சொல்ல மருமகள் வாயெடுத்தார். வெள்ளைக்காரர் ஏணியிலிருந்து இறங்கி, கையைக் காட்டி மனைவியை நிறுத்தினார். அம்மாளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான்தாம்மா," என்றார்.